வாஷருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்

ஒரு விடுகதை போடுகிறேன் சார், சொல்லுங்கள் பார்ப்போம். குண்டானால் கிட்டத்தைப் பார்க்கும். இளைத்தால் தூரத்தைப் பார்க்கும். எந்நேரமும் ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும், ஒரு நாளும் ஊசிப்போகாது. அது என்ன?

கண்ணா?

அதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். தப்பு. விடை இந்த அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது. நீங்களும் ஏறியதிலிருந்து இதையே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள், கோழிக்குஞ்சு கொண்டுபோகிறானோ என்று. கோழிக்குஞ்சு இல்லை சார். திரவ லென்ஸ் வைத்த கேமரா. சேலம் மேட்டூர் பஸ்ஸில் எத்தனையோ பேர் எதை எதையோ மடியில் வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். இதை வைத்துக்கொண்டு போகிறவன் நான் ஒருவன்தான்.

மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம், பச்சை ரிப்பன் கட்டியிருக்கிறதே, அது என் மகள். கனிஷ்கா. எட்டாம் வகுப்பு. பக்கத்தில் அவள் காதுக்குள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறதே, அது பூமிகா. இவள் வகுப்புதான். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்றைக்குச் சேலத்தில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. அங்கிருந்துதான் வருகிறோம். இதில் தேறினால் மாநிலப் போட்டி. ஒரு பள்ளிக்கு ஒரு மாடல்தான் போக முடியும். எங்கள் பள்ளியிலிருந்து எந்த மாடல் போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்ய வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். நடுவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அறிவியல் டீச்சர் இருக்கிறார். நான் இருக்கிறேன். இத்தனை பெரியவர்களை வைத்துக்கொண்டு, எட்டாம் வகுப்புக் குழந்தையின் கையில் கொண்டுபோய் அந்த முடிவைக் கொடுத்தார்கள் சார். என் மகள் கையில். அந்தக் கூத்தைத்தான் சொல்கிறேன். மேச்சேரி வர நேரம் இருக்கிறது.

நான் பைபாஸில் பார்சல் பிரிக்கிற கிடங்கில் வேலை பார்க்கிறேன். பராமரிப்பு. பெல்ட் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் ஒரு சட்டை வாங்குகிறீர்கள், இல்லையா? அந்தப் பார்சல் எங்கள் பெல்ட்டில்தான் ஓடி வரும். முன்னால் வருவது தபால் உறை, அப்பளம் உயரம் கூட இருக்காது. அதன் பின்னாலேயே மிக்ஸிப் பெட்டி, ஒரு முழம் உயரம். அதன் பின்னால் காலண்டர் சுருள். மேலே இருக்கிற கேமரா ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருக்கிற பார்கோடு சீட்டைப் படிக்க வேண்டும். நிற்க நேரம் கிடையாது. கிட்டே, தூரம், கிட்டே, தூரம் என்று மாறி மாறிப் பார்க்க வேண்டும்.

பழைய கேமராவில் இதற்காக ஒரு குட்டி மோட்டார் லென்ஸை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை. ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும். புதிய கேமராவில் தள்ளுகிற வேலையே இல்லை. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கூடு. அதற்குள் எண்ணெயும் தண்ணீரும். இரண்டும் ஒன்றோடொன்று சேராது என்பது உங்களுக்குத் தெரியும். அவை தொட்டுக்கொள்கிற இடம் இருக்கிறதே, அதுதான் லென்ஸ். மின்சாரத்தைக் கூட்டினால் அந்த இடம் உப்பும், குறைத்தால் தட்டையாகும். எதுவும் நகராது, எதுவும் தேயாது. கண் இமைப்பதற்குள் பத்துத் தடவை மாறும்.

போன ஆவணியில் பெல்ட் சங்கிலி அறுந்து அப்படி ஒரு கேமராவின் மேல் அடித்தது. மேல் ஓடு நொறுங்கிவிட்டது. கழிவில் போட்டார்கள். மேலாளரிடம் கேட்டு நான் எடுத்துக்கொண்டேன். உள்ளே லென்ஸ் உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்க்கிற ஒருவனுக்கும் தெரியாது.

அன்றைக்கே சொல்லிவிட்டேன், இந்த வருடம் கண்காட்சியில் என் மகள்தான் என்று. கிடங்கில் எல்லாரிடமும் சொன்னேன். மேலாளரும், "போட்டோ குடுங்க, நோட்டீஸ் போர்டுல போட்டுடலாம்" என்றார். லோகு என்று ஒருத்தன் இருக்கிறான், ஷிஃப்ட் இன்சார்ஜ். "என்ன மாமா, பரீட்ச பொண்ணுக்கா ஒங்களுக்கா?" என்று கேட்டான். பொறாமை. அவன் பையன் போன வருடம் தெர்மகோலில் காற்றாலை செய்தான். ஃபேன் போட்டதும் காற்றாலை பறந்து போய்விட்டது. அவன் என்னைக் கேட்கிறான்.

மூன்று வாரம் சார். ஷிஃப்ட் முடிந்து வந்தால் சால்டரிங் கோலைக் கையில் எடுப்பேன். லென்ஸ், அதை ஓட்டுகிற சர்க்யூட், குட்டி கேமரா, படம் தெரிய ஒரு பழைய திரை. வெளியே ஒரே ஒரு திருகு. வலப்பக்கம் திருப்பினால் முன்னால் வைத்திருக்கிற புளியங்கொட்டை தெளிவாகத் தெரியும். இடப்பக்கம் திருப்பினால் மேசைக் கடைசியில் நிற்கிற பொம்மை லாரி தெளிவாகத் தெரியும். நம்பர் பிளேட்டே படிக்கலாம். எல்லாவற்றையும் கறுப்பு அட்டைக்குள் வைத்து, ஓரத்தில் தங்க நிற டேப் சுற்றி, பசைத் துப்பாக்கியால் ஒட்டி மூடிவிட்டேன். ஒரு ஒயர் வெளியில் தெரியாது. கடையில் வாங்கியது போல இருந்தது.

கனிஷ்காவின் வேலை பேச்சு. இரண்டு பக்கம். நானே எழுதினேன். முதல் வரியே இந்த விடுகதைதான். நடுவர் கண் என்று சொல்வார், இவள், "தவறு, இதோ விடை" என்று பெட்டியைக் காட்ட வேண்டும். "இதோ, அருகில்" என்கிற இடத்தில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். "இதோ, தொலைவில்" என்கிற இடத்தில் இடப்பக்கம். போனில் நேரம் வைத்துப் பழக்கினேன். நான்கு நிமிடம். திருகைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். இதெல்லாம் பிள்ளைகள் தொடுகிற பொருள் இல்லை சார்.

வீட்டுக்காரி, "அவளுக்கும் ஒரு வேல குடுங்க" என்றாள். பேச்சு என்ன சும்மாவா?

பிள்ளையிடம் ஒரு குறை உண்டு, கேள்வி கேட்கும். "அப்பா, எண்ணெயும் தண்ணியும் தொட்டுக்கற எடத்த நான் பாக்க முடியுமா?" முடியாது கண்ணு, மூடியிருக்கிறது. "கரண்டு குடுத்தா தண்ணி ஏம்ப்பா நகருது?" அதை ஜட்ஜ் கேட்க மாட்டாங்க கண்ணு. "கேட்டா?" கேட்க மாட்டாங்க. எனக்குத் தெரியாமல் இல்லை சார். சொன்னால் அவளுக்குப் புரியாது. அது பெரிய விஷயம். அதை விளக்க உட்கார்ந்தால் எனக்கே ஒரு நாள் ஆகும்.

விடுகதையை முதலில் அவளிடம்தான் போட்டேன். அவளும் கண் என்றாள். தப்பு, திரவ லென்ஸ் என்று எழுதிக்கொள் என்றேன். "கண்ணுக்குள்ளயும் இதேதானப்பா, பாடத்துல இருக்கு" என்றாள். பாடத்தில் ஆயிரம் இருக்கும். பேச்சில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூடத்தில் சால்டரிங் வைத்துக்கொண்டிருக்கிறேன். சமையல்கட்டில் சத்தத்தையே காணோம். எட்டிப் பார்த்தால், தரையில் பேப்பரை விரித்து இவளும் பூமிகாவும் குப்புறப் படுத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். காய்ச்சல் மருந்து பாட்டிலில் வருமே, ரப்பர் வைத்த சொட்டுக் குழாய், அது இவள் கையில். தேங்காயெண்ணெய் பாட்டில் திறந்து கிடக்கிறது.

"என்ன கண்ணு பண்றீங்க?"

"எழுத்து குண்டாவுதுப்பா. வந்து பாருங்களேன்."

"பேச்சு மனப்பாடம் ஆச்சா?"

"ரெண்டாம் பக்கத்துல பாதி."

பூமிகாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இவளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டாம் பக்கத்தை முடிக்கச் சொன்னேன். விளையாட நேரமா சார் அது? அதே நாளில்தான் என் டூல் பெட்டியில் ஒரு வாஷரையும் காணோம். அஞ்சு மில்லிமீட்டர் ஓட்டை வாஷர், ஆறு வைத்திருந்தேன். ஐந்துதான் இருந்தது. எங்கேயாவது உருண்டு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் அந்த ஹாலுக்குள் போனோம். ஒரு சுற்று வந்தேன். எட்டு எரிமலை சார். நான் எண்ணினேன். எல்லாம் சோடா உப்பும் வினிகரும். எட்டும் ஒரே நேரத்தில் பொங்கி, தரையெல்லாம் நுரை. மழைநீர் சேகரிப்பு ஒன்பது. மழைநீர் சேகரிப்பை நமக்கு இனிமேல்தான் சொல்லித்தர வேண்டுமா? ஒருத்தன் சூரியக் குடும்பம் கொண்டுவந்திருந்தான். வியாழனைக் காணோம். பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தானாம்.

எங்கள் பள்ளிக்கு இரண்டு மேசை. ஒன்றில் நம் பெட்டி. பக்கத்து மேசையில் பூமிகா. மாவட்டத்துக்கு இரண்டு மாடல் அனுப்பலாம் என்பதால் புஷ்பலதா டீச்சர் அவளையும் சேர்த்திருக்கிறார். அவள் மேசையில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு ஐஸ் குச்சி. குச்சி முனையில் நூலால் கட்டிய வாஷர். டம்ளரில் தண்ணீர். சொட்டுக் குழாய். ஒரு செய்தித்தாள். அவ்வளவுதான். தெர்மகோல்கூட இல்லை. அவள் அப்பா மேட்டூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார், வாஷர் அங்கே கிடைத்திருக்கும். "என்ன பாப்பா, தண்ணிப் பந்தலா?" என்று கேட்டேன். "லென்ஸ் மாமா" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்து மணிக்கு மைக்கில் சொன்னார்கள், பெற்றோர்கள் எல்லாரும் வெளியே போக வேண்டும், நடுவர்கள் வருகிறார்கள் என்று. வெளியே வந்தேன். வந்து பார்த்தால், ஜன்னலுக்கு ஜன்னல் அப்பன்கள் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் சார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பிள்ளை பேசப் பேச இங்கே இவர்கள் உதடு அசைகிறது. என் பக்கத்தில் ஒரு எரிமலைக்காரர். "மேக்மா எனப்படும் பாறைக் குழம்பு" என்று முணுமுணுக்கிறார். பையன் ஒரு வார்த்தையை விட்டதும் தலையில் அடித்துக்கொள்கிறார். அந்த மாடலை அவரேதான் செய்திருப்பார். வெட்கமாக இல்லையா? பிள்ளைகளை எதையும் செய்ய விடாத ஆட்கள். நான் பாட்டுக்கு ஓரமாக ஒரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, கனிஷ்காவுக்கு என் முகம் தெரிகிற மாதிரி நின்றேன்.

நடுவர் வந்தார். ரெஜினா மேடம், அரசுக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை என்று டீச்சர் சொன்னார். பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ரப்பர் செருப்பு, கையில் துணிப்பை. எரிமலைகளை எல்லாம் நின்று பார்க்காமல் தாண்டி வந்தார். நம் மேசைக்கு முன்னால் நின்றார்.

கனிஷ்கா விடுகதையைப் போட்டாள். அந்த அம்மா யோசித்து, "கண்ணு" என்றார். நான் நினைத்தபடியே.

கனிஷ்கா பெட்டியைக் காட்டவில்லை. நான் இங்கிருந்து, "தவறு, தவறு" என்று வாயசைக்கிறேன். அவள் சொல்கிறாள், "அதுவும் சரிதான் மிஸ்."

பேச்சில் அப்படி ஒரு வரியே கிடையாது சார்.

சரி, போகட்டும். மேலே பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். "இதோ, அருகில்" என்று வலப்பக்கம் திருப்பினாள். திரையில் புளியங்கொட்டை மங்கலாகவே இருக்கிறது. இன்னும் திருப்பினாள். அப்படியே இருக்கிறது. காலையில் சேலம் போகும்போது ஓமலூருக்கு முன்னால் ஒரு வேகத்தடை, பஸ்காரன் ஏற்றி இறக்கினான் பாருங்கள், அதில் உள்ளே ஏதோ ஒயர் விட்டிருக்கிறது. என் சால்டரிங்கில் குறை இல்லை. அவள் என்ன செய்திருக்க வேண்டும்? பேச்சை நிறுத்தாமல் போயிருக்க வேண்டும். பாதி நடுவர்கள் திரையைப் பார்ப்பதே இல்லை. இவள் நிறுத்திவிட்டாள்.

"மிஸ், இது மாறல."

"ஏன் மாறலன்னு நெனைக்கிற?"

"தெரியல மிஸ். தொறந்து பாத்தா தெரியும்."

"தொறயேன்."

"அப்பா ஒட்டியிருக்காரு."

நான் ஜன்னலிலிருந்து கையை வைத்துத் திருகுகிற மாதிரி காட்டினேன். நன்றாக, அழுத்தி, வலப்பக்கம். அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டார்.

"அங்க நிக்கறது யாரும்மா?"

"எங்கப்பா மிஸ்."

"அவருக்கு என்ன வேணுமாம்?"

"வலப்பக்கம் திருப்பச் சொல்றாரு."

எரிமலைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எப்படி இருக்கும் எனக்கு?

அந்த அம்மா அதோடு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. "பெட்டி இருக்கட்டும். உள்ள என்ன நடக்கும்னு எனக்குச் சொல்லேன்" என்றார். கனிஷ்கா இரண்டாம் பக்கத்தைச் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் பக்கத்து மேசைக்குப் போய்விட்டாள். "பூமி, குச்சியக் குடு" என்று அந்த வாஷரை வாங்கினாள். ஓட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அது கீழே விழாமல் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறது. செய்தித்தாளின் மேல் பிடித்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள் சார், பேச்சும் இல்லாமல், தாளும் இல்லாமல், வீட்டில் அம்மாவிடம் பேசுகிற மாதிரி.

"இங்க பாருங்க மிஸ். தண்ணி நெறைய இருந்தா ரெண்டு பக்கமும் தொப்ப மாதிரி உப்புது, எழுத்து பெருசாவுது. கொஞ்சமா உறிஞ்சறேன். இப்ப தட்டையா ஆயிடுச்சு, எழுத்து சும்மா இருக்கு. இன்னுங் கொஞ்சம் உறிஞ்சறேன். இப்ப உள்ள குழிஞ்சிருச்சு, எழுத்து சின்னதாயிடுச்சு. வாஷரு அதே எடத்துலதான் இருக்கு, நான் எதையும் முன்ன பின்ன நகத்தல. தண்ணி மட்டுந்தான் உருவம் மாறுது."

"வாஷர் மேல தண்ணி வழியலயே, ஏன்?"

"தேங்காயெண்ணெய் தடவியிருக்கு மிஸ். எண்ணெய் இருக்கற எடத்துக்குத் தண்ணி போவாது. மொதல்ல தடவாம செஞ்சோம், எல்லாம் பரவி ஒழுகிப் போச்சு. பதினோரு தடவ."

"அப்ப பெட்டிக்குள்ள?"

"நாங்க ஊத்தி உறிஞ்சி செய்யறத அங்க கரண்டு செய்யுது. கரண்டு எப்பிடித் தண்ணிய நகத்துதுன்னு மட்டும் எனக்குத் தெரியல மிஸ்."

தெரியவில்லை என்று நடுவரிடம் யாராவது சொல்வார்களா? மூன்று வாரம் பழக்கியிருக்கிறேன். அந்த அம்மாவோ பையைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து அந்தச் சொட்டையே பார்க்கிறார். "எனக்கும் அதைப் புரிஞ்சிக்க ரொம்ப நாள் ஆச்சு" என்று சொல்லிச் சிரிக்கிறார். பேராசிரியை சார்.

பிறகு பூமிகாவைப் பார்த்து, "இது யாரோட யோசன?" என்று கேட்டார்.

"அவளுதுதான் மிஸ். அவங்க வீட்ல செஞ்சோம். நான் ஊத்துவேன், அவ பாத்துச் சொல்லுவா. அவளுக்குப் பெட்டி இருக்கறதால இத நீ வெச்சிக்கன்னு குடுத்தா."

பார்த்தீர்களா அந்தப் பெண்ணின் தந்திரத்தை? நடுவர் என் மகளிடம் பிரியமாகப் பேசுகிறார் என்று தெரிந்ததும், இவள் பெயரைச் சொல்லி ஒட்டிக்கொள்கிறாள். எட்டாம் வகுப்பில் இந்த வேலை. ஐஸ் குச்சியில் வாஷரைக் கட்டுவதற்கு என் மகளின் யோசனை எதற்கு? என் மகள் மூன்று வாரமும் பேச்சுதான் படித்தாள். எனக்குத் தெரியாதா?

அதற்கப்புறம் டீச்சர் வந்து என்னை உள்ளே கூப்பிட்டார். மேடம் பெட்டி வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமாம். பிளேடால் ஒரு பக்கத்தைக் கீறித் திறந்தேன். நினைத்தபடியே ஒரு ஒயர். சால்டரிங் கோல் பையில் இருந்தது, நான் எங்கே போனாலும் கொண்டுபோவேன். கனிஷ்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வெளிச்சத்தை மறைக்காதே கண்ணு என்றேன். ஐந்தே நிமிடம். புளியங்கொட்டை, லாரி, புளியங்கொட்டை, லாரி. தண்ணீர் மாதிரி மாறுகிறது. அந்த அம்மா தானே திருகைப் பிடித்து வெகு நேரம் திருப்பிப் பார்த்தார்.

"அருமையா செஞ்சிருக்கீங்க" என்றார்.

"பாப்பாவோட உழைப்புங்க மேடம்" என்றேன். பணிவாகச் சொல்ல வேண்டும் இல்லையா?

"இல்லைங்க. நீங்க செஞ்சிருக்கீங்க" என்றார்.

அந்த வார்த்தையை எழுதி வாங்கியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. லோகு முகத்துக்கு நேரே காட்டியிருப்பேன். அவ்வளவு படித்த ஒருவர், அத்தனை பேர் முன்னால், செய்தது நான்தான் என்று அழுத்திச் சொல்கிறார். அந்த நிமிடத்தில் போட்டி முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவர் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு எங்களிடம் வந்து சொன்னார். உங்கள் பள்ளிக்கு இடம் உண்டு. ஒரு மாடலுக்கு இரண்டு மாணவிகள் நிற்கலாம், அதனால் கனிஷ்கா, பூமிகா இருவரும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாடல் மட்டும் ஒன்றுதான். பெட்டியா, வாஷரா? பூமிகாவைக் கேட்டார். "அவ சொல்றதுதான் மிஸ்" என்றது அது. "அப்ப நீ சொல்லும்மா. எதைப் பத்தி ஒன்னால பேச முடியும்னு யோசிச்சு, மூணு மணிக்குச் சொல்லு" என்று கனிஷ்காவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் டீச்சரைக் கேட்டேன். "என்ன டீச்சர், கொழந்தைகிட்டப் போய்க் கேக்கறாங்க?"

"கொழந்தைங்க கண்காட்சிதானேங்க" என்றார் புஷ்பலதா டீச்சர். இதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள்.

ஆனாலும் நான் பயப்படவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம், உலகத்தில் பெரிய பெரிய ஆலைகளில் வைத்திருக்கிற பொருள். இன்னொரு பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர். அதுவும் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிற சொட்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்று மணி வரை இருக்கிறதே என்று அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். நிதானமாகத்தான் பேசினேன். கிடங்கில் எல்லாரிடமும் சொல்லியிருப்பதைச் சொன்னேன். நோட்டீஸ் போர்டில் அவள் போட்டோ வரப்போவதைச் சொன்னேன். பெட்டி பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ, மேலாளருக்குக் காலையிலேயே அனுப்பியாகிவிட்டது. "அப்பா எதையும் கட்டாயப்படுத்த மாட்டேன் கண்ணு. நல்லா யோசிச்சு நம்ம பெட்டியச் சொல்லு" என்றேன்.

அவள் குழலைக் கடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, போட்டிக்கு முன்னாடி இத ஒரு தடவ நான் முழுசாப் பிரிச்சுப் பாக்கட்டுமா? நானே திரும்பக் கட்டிடறேன்."

"வெளையாட்டா கண்ணு அது? போட்டி முடியட்டும், அப்பறம் பாக்கலாம்."

"அந்த ஒயர மட்டுமாவது நான் ஒட்டிப் பழகறேனே. மறுபடி விட்டுப்போனா?"

"விடாது. கோலு சூடு, கை பொசுங்கிடும்."

"நீங்க பக்கத்துல இருங்கப்பா."

"நீ பேச்ச மட்டும் பாரு. அந்தக் கண்ணு சரிதான்னு சொன்ன பாரு, அத மறுபடி சொல்லிடாத."

சரி என்று தலையாட்டினாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சம்மதம் என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்? அவள் ரோஸ்மில்க்கைக் குடித்து முடிப்பதற்குள் பெட்டியின் கீறிய பக்கத்தை மறுபடியும் ஒட்டிவிட்டேன். இந்தத் தடவை நான்கு மூலையிலும் பசை வைத்து, மேலே இன்னொரு சுற்று டேப். இனி எந்த வேகத்தடையும் ஒன்றும் செய்ய முடியாது. யாராலும் திறக்க முடியாது. பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பார்த்துவிட்டு, டம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

இப்போதும் பாருங்கள், அந்த இரண்டும் ஜன்னல் வெளிச்சத்தில் எதையோ தூக்கிப் பிடித்துப் பார்க்கின்றன. தண்ணீர் பாட்டிலில் இருந்து சொட்டு விடுகிறார்கள், பஸ் குலுங்கினால் மடியெல்லாம் ஈரம். அந்த வாஷர்தான். அஞ்சு மில்லிமீட்டர் ஓட்டை. என் டூல் பெட்டியில் இருப்பவையும் அதே அளவுதான். பஞ்சர் கடையில் அந்த அளவு வாஷரை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

மேச்சேரி வந்துவிட்டது. இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடியுங்கள் சார், எழுந்துகொள்கிறேன். சாய்க்காதீர்கள்.

மூன்று மணிக்கு அந்த அம்மா வந்து கேட்டார். வாஷர் என்று சொன்னாள் கனிஷ்கா.